பிடிச்சா சாப்பிடுங்க, இல்லன்னா தூண்டிலைத் தொடாதீங்க!

நம்ம பசங்க நடுவுல தூண்டில் மோகம் நல்லாவே ஏறியிருக்கு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில முட்டுக்காடு, கோவளம் பக்கம் போனா ராடு, ரீல், கலர் கலரா லூர்னு ஒரு கூட்டமே நிக்குது. சந்தோஷம்தான். ஆனா மீன் மாட்டினதும் நடக்குறதுதான் எனக்கு உறுத்துது. மணல்ல போட்டு ஒரு போட்டோ, தூக்கிப் பிடிச்சு ஒரு வீடியோ, அப்புறம் தண்ணியில விட்டுட்டு "கேட்ச் அண்ட் ரிலீஸ்"னு கேப்ஷன். மீனை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறவனைப் பார்த்து, "என்னடா, அவ்ளோ பசியா?"ன்னு நக்கல் வேற.

என் கருத்து இதுக்கு நேர் எதிர். சாப்பிடுறதுக்காக மீன் பிடிக்கிறவன்தான் நியாயமானவன். போட்டோவுக்காகப் பிடிச்சு விடுறது கருணை இல்லை.

ஏன்னு யோசிச்சுப் பாருங்க. மீன் உடம்பு மேல வழுவழுன்னு ஒரு படலம் இருக்கு. கிருமிகள் கிட்ட இருந்து அதைக் காப்பாத்துறதே அதுதான். சுடுமணல்ல புரட்டினா, காய்ஞ்ச கையால இறுக்கிப் பிடிச்சா அது உரிஞ்சு போயிடும். தண்ணிக்கு வெளிய இருக்குற ஒவ்வொரு நொடியும் அதுக்கு மூச்சுத் திணறல். முள் தொண்டைக்குள்ள இறங்கியிருந்தா இன்னும் மோசம். நம்ம கண்ணு முன்னாடி நீந்திப் போற மீன் எல்லாம் பிழைச்சுக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை. சுவிட்சர்லாந்துல 2008-ல வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள், திரும்ப விடுற நோக்கத்தோடவே தூண்டில் போடுறதைத் தடை பண்ணுது. விளையாட்டுக்காக ஒரு உயிரை வதைக்காதேங்கிறதுதான் அதோட லாஜிக்.

"அப்போ மாட்டினதை எல்லாம் அள்ளிட்டுப் போகலாமா ப்ரோ?"ன்னு கேட்பீங்க. கூடாது. சாப்பிடணும்னு நினைக்கிறவனுக்குத்தான் நாளைக்கும் கடல்ல மீன் இருக்கணும்கிற கவலை வரணும். கேரளாவுல குறைந்தபட்ச அளவுன்னே சட்டம் இருக்கு. மத்தி 10 சென்டிமீட்டர், அயிலை 14 சென்டிமீட்டர், அதுக்குக் கீழ இருந்தா பிடிக்கக் கூடாது. நம்ம ஊர்ல ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அது மீன் இனம் பெருகுறதுக்காக. கரையில நின்னு தூண்டில் போடுறவங்களை அந்தத் தடை கட்டுப்படுத்தாது. அதனால நமக்கு நாமே ஒரு அளவு வச்சுக்கிட்டாத்தான் உண்டு.

கொடுவாவையே எடுத்துக்கோங்க. முகத்துவாரத்துல தூண்டில் போடுற எல்லாருக்கும் கனவு மீன் அது. ஆணா வாழ்க்கையை ஆரம்பிச்சு, பெருசான பிறகு பெண்ணா மாறுற மீன். ஒன்றரை, ரெண்டு கிலோவுல இருக்குறது பெரும்பாலும் ஆண். அஞ்சாறு கிலோ தாண்டினா பெரும்பாலும் பெண், லட்சக்கணக்குல முட்டை போடும். ஆக, ரொம்பக் குட்டியை எடுத்தா அது ஒரு தடவை கூட இனம் பெருக்காம போயிடும். ரொம்பப் பெருசை எடுத்தா ஒரு தாய் மீன் காலி. நடுவுல இருக்குறதுதான் நம்ம சட்டிக்கு. மத்த ரெண்டையும் தண்ணியில வச்சே முள்ளைக் கழட்டி உடனே விட்டுடுங்க. இது தேவைக்காக விடுறது. இதுக்கும் லைக்குக்காக விடுறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

எடுக்குறதுன்னு முடிவு பண்ணிட்டா மரியாதையா எடுங்க. வாளியில துடிக்கத் துடிக்கப் போடாம தலையில ஒரே அடி, செவுளை அறுத்து ரத்தத்தை வடிய விட்டு, உடனே ஐஸ். பெரிய கட்டியை விட உடைச்ச ஐஸ் நல்லது, மீனை எல்லாப் பக்கமும் தொடும். கூடக் கொஞ்சம் கடல் தண்ணி ஊத்தினா இன்னும் சீக்கிரம் குளிரும். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல அரியர் வச்சவனுக்குக் கூட இது புரியும். அயிலை, சூரை மாதிரி மீனை வெயில்ல விட்டா ஹிஸ்டமின் சேர்ந்துடும். அப்புறம் எவ்வளவு கொதிக்க வச்சாலும் அது போகாது. பேத்தை மீன் மாட்டினா சமைக்கிற நினைப்பே வேண்டாம், அது விஷம்.

அப்புறம்தான் இருக்கு சந்தோஷம். காலையில பிடிச்ச கிழங்கானை மதியம் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, ரெண்டு சொட்டு எலுமிச்சை போட்டுப் புரட்டி வறுத்துப் பாருங்க, வேற எந்த மசாலாவும் தேவைப்படாது. கொடுவாத் தலையைப் புளி கரைச்சுக் குழம்பு வச்சு, மறுநாள் காலையில பழைய சோத்தோட சாப்பிட்டவனுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

"கடையில வாங்கித் தின்னுட்டுப் போகலாமே?"ன்னு கேக்குறவங்களுக்கும் பதில் இருக்கு. இழுவலை வேண்டியது வேண்டாதது எல்லாத்தையும் அள்ளிட்டு வரும். தூண்டில்ல எதை எடுக்கணும், எதை விடணும்னு நாம முடிவு பண்ணலாம். நாலு மணி நேரம் நின்னும் ஒரு மீன் மாட்டாம திரும்பினவன், மீன்காரம்மா கிட்ட இருபது ரூபாய்க்குப் பேரம் பேச மாட்டான். அந்த மீனுக்குப் பின்னாடி எவ்வளவு உழைப்பு இருக்குன்னு அவனுக்குத் தெரியும்.

ஹாஸ்டல் பசங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு, ஒத்துக்கிறேன். நமக்கு அடுப்பு கிடையாது. அதனால டே ஸ்காலர் நண்பன் வீட்ல முதல்ல பேசி வைங்க. அம்மா "கொண்டு வாங்கப்பா"ன்னு சொன்னாத்தான் கிளம்பணும். அங்க எத்தனை தட்டோ அத்தனை பேருக்குப் போதுமான மீன் கிடைச்சதும் ராடை மடக்கிடுங்க. சமைக்க ஆள் இல்லாத ஞாயிறா? கிரிக்கெட் ஆடப் போங்க.