சிறிய கார்: வரி குறைந்தது, எல்லையோரக் குடும்பங்களின் கணக்கு வேறு

பாலக்காடு: சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை வரியுடன் சேர்த்து வசூலிக்கப்பட்ட இழப்பீட்டு செஸ்ஸும் நீக்கப்பட்டது. விலை குறைந்தது என்பது நாடு முழுவதற்கும் பொதுவான செய்தி. ஆனால் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டி வாழும் குடும்பங்களுக்கு இன்னொரு கேள்வியும் அதே அளவு முக்கியமானது. வீட்டில் நிற்கும் ஒரே கார் எத்தனை வேலைகளுக்கு ஈடுகொடுக்கும் என்பதே அது.

இரு நிலங்கள், ஒரே தேவை

பாலக்காட்டுக் கணவாயில் சாலை பெரும்பாலும் சமதளம். வாளையாறு வழியாகச் செல்லும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பாலக்காட்டைக் கோவையுடன் இணைக்கிறது. தமிழ் பேசுவோர் கணிசமாக வாழும் சித்தூர் வட்டத்திலிருந்து மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் கோவை செல்வதும், சந்தைக்குப் பொள்ளாச்சி செல்வதும் அன்றாட நடப்பு. இங்கு காரில் எதிர்பார்க்கப்படுவது நல்ல மைலேஜ், கோடை வெயிலைத் தாங்கும் ஏசி, காய்கறி மூட்டைகளுக்கு இடம் ஆகியவையே.

இடுக்கியின் நிலை வேறு. அந்த மாவட்டத்தில் ரயில் பாதையே இல்லை. அதன் கிழக்குப் பகுதியினருக்கு அருகில் உள்ள ரயில் நிலையம், 2023 ஜூனில் மீண்டும் ரயில் சேவை தொடங்கிய தமிழகத்தின் போடிநாயக்கனூர். அங்கிருந்து போடிமெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். தேனி மாவட்டத்திலிருந்து ஏலத் தோட்டத் தொழிலாளர்கள் நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறுகின்றனர். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, உலர்த்திய ஏலக்காயைப் புற்றடி அல்லது போடி ஏல மையத்துக்குக் கொண்டு செல்வது, நள்ளிரவில் நோயாளியைத் தேனிக்கு அழைத்துச் செல்வது என அனைத்துக்கும் ஒரே வாகனத்தை நம்பியிருக்கும் வீடுகள் மலையில் உண்டு.

பேருந்தும் ரயிலும் எட்டாத இடத்தில்தான் காரின் பன்முகப் பயன்பாடு பெரிதாகத் தெரிகிறது. உரிமையாளரின் திருப்தி என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி, பொதுப் போக்குவரத்து நிரப்பாத இடத்தை வாகனம் நிரப்புவதால் வருவது.

எது சிறிய கார்?

நான்கு மீட்டர் நீளத்துக்கு மிகாமல், பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி திறனுக்கு உட்பட்ட வாகனமே வரிக் கணக்கில் சிறிய கார். 2006-07 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான கலால் வரி 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது வகுக்கப்பட்ட வரம்பு இது. தரையிலிருந்து வாகனத்தின் அடிப்பாகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எத்தனை பேர் அமரலாம், டிக்கியில் எவ்வளவு கொள்ளும் என்பவை இந்த வரம்பில் இடம்பெறவில்லை.

இதனால் முற்றிலும் மாறுபட்ட வாகனங்கள் ஒரே வரிக்குள் வருகின்றன. பின்னிருக்கையைப் பகுதி பகுதியாக மடக்கக்கூடிய மாருதி வேகன் ஆர் காரின் டிக்கி 341 லிட்டர் கொள்ளளவு உடையது. ரெனால்ட் ட்ரைபரில் ஏழு பேர் அமரலாம். மூன்றாம் வரிசை இருக்கையைக் கழற்றினால் 625 லிட்டர் இடம் கிடைக்கும். மலைப்பகுதியில் நன்கு அறிமுகமான மஹிந்திரா பொலேரோவும் நான்கு மீட்டருக்குள், 1,500 சிசிக்குள் அடங்குவதால் அதற்கான வரிச்சுமை 31 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது.

ஒவ்வொரு வசதிக்கும் ஒரு விலை உண்டு. எரிபொருள் செலவைக் குறைக்க சிஎன்ஜி வாகனம் வாங்கினால், பல மாடல்களில் டிக்கியின் பெரும்பகுதியை சிலிண்டரே எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் என்ஜின் கொண்ட ஏழு இருக்கை வாகனம் வாளையாறு சாலையில் சிரமமின்றி ஓடும்; ஏழு பேருடன் போடிமெட்டு ஏறும்போது திணறும். பாலக்காட்டில் திருப்தி தரும் கார் இடுக்கியிலும் அதே திருப்தியைத் தரும் என்று கொள்ள இயலாது.

இதனிடையே நாட்டின் சந்தை உயரமான வாகனங்களின் பக்கம் சாய்ந்துள்ளது. 2024-25 நிதியாண்டில் விற்பனையான சுமார் 43 லட்சம் பயணிகள் வாகனங்களில் ஏறத்தாழ 28 லட்சம், எஸ்யூவி உள்ளிட்ட பயன்பாட்டு வாகனங்கள். அவற்றில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் பல மாடல்களும் 18 சதவீத வரிக்குள் வருவதால், பழைய வகைச் சிறிய கார்களுக்கு வரிக் குறைப்பு தனிச் சாதகம் எதையும் தந்துவிடவில்லை.

எல்லையில் காத்திருக்கும் சிக்கல்

பன்முகப் பயன்பாட்டுக்குச் சட்டம் வகுத்த எல்லையும் உண்டு. வெள்ளை நம்பர் பிளேட் கொண்ட சொந்தக் காரில் அண்டை வீட்டாரை ஏற்றிச் சென்று கட்டணம் பெற்றால், அது பர்மிட் இல்லாத வாடகை வாகனமாகக் கருதப்படும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி இதற்கான அபராதம் 10,000 ரூபாய். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. இதைவிடப் பெரிய ஆபத்து விபத்தின்போது நேரும். சொந்த உபயோகத்துக்கான காப்பீடு வாடகைப் பயன்பாட்டை உள்ளடக்குவதில்லை என்பதால், இழப்பீடு மறுக்கப்பட்டு கடன் சுமை முழுவதும் குடும்பத்தின் தலையில் விழக்கூடும்.

பதிவிலும் கவனம் தேவை. ஒரு மாநிலத்தில் பதிவு செய்த வாகனத்தை மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கு புதிய பதிவெண் பெற வேண்டும். அந்த மாநிலத்தின் சாலை வரியும் செலுத்த வேண்டும். இரு மாநிலங்களிலும் வீடும் நிலமும் உள்ள குடும்பங்கள், வாகனம் வழக்கமாக எங்கே நிற்கும் என்பதை வாங்கும் முன்பே தீர்மானிப்பது நல்லது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை முன்னேற்றம் தெரிகிறது. மாருதி நிறுவனம் 2025 மே மாதம் ஆல்டோ கே10, வேகன் ஆர் உள்ளிட்ட கார்களின் அனைத்து ரகங்களிலும் ஆறு ஏர்பேக்குகளை வழங்கத் தொடங்கியது. ஆனால் பதிவுச் சான்றில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றினால், கூடுதலாக ஏறியவருக்கு சீட் பெல்ட்டும் இல்லை, ஏர்பேக்கும் இல்லை.

வரிக் குறைப்பு ஒரு குடும்பத்துக்குக் காரை எட்டும் தூரத்தில் கொண்டுவந்திருக்கலாம். அந்தக் கார் ஜீப்பாகவும் சரக்கு வண்டியாகவும் ஆம்புலன்ஸாகவும் மாற வேண்டிய கட்டாயம் குறையவேண்டுமானால், அதற்குத் தேவையானவை எல்லையைக் கடக்கும் பேருந்துகளும் இரவிலும் இயங்கும் மருத்துவ வசதியும். அவை இரு மாநில அரசுகளும் சேர்ந்து தீர்க்க வேண்டியவை.