லூக்காவுக்குத் தெரியாதா?

தில்லி சாணக்யபுரியில், நீதி மார்க்கில் இருக்கிறது வாட்டிகன் தூதரகம். வழக்கமாக அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1999 நவம்பரில் இரண்டாம் ஜான் பால் தில்லிக்கு வந்தபோது கதை வேறு. மதமாற்றத்துக்காக போப் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இந்து அமைப்புகள் கோரிக்கொண்டிருந்தன. நவம்பர் 6-ம் தேதி கதீட்ரலில் அவர் கையெழுத்திட்ட ஆவணமோ, மூன்றாம் ஆயிரமாண்டில் ஆசியாவில் விசுவாசத்தின் பெரும் அறுவடையை எதிர்பார்த்தது. மறுநாள் தீபாவளி. அன்று விஞ்ஞான் பவனில் பிற மதத் தலைவர்களோடு அமர்ந்து நல்லிணக்கம் பேசினார். அறுவடையா, அளவளாவலா? எது நிஜம் என்று பலரும் கேட்டார்கள்.

பதில் தேடி பைபிளைப் புரட்டினால் சிக்கல் கூடுகிறது. தன்னோடு இல்லாதவன் தனக்கு எதிரி என்கிறார் இயேசு, மத்தேயு 12-ம் அதிகாரத்தில். நமக்கு எதிராக இல்லாதவன் நம் பக்கம் என்கிறார், மாற்கு 9-ம் அதிகாரத்தில். இரண்டையும் சேர்த்து வைத்தால் நடுவில் நிற்பவன் எதிரியா, நண்பனா?

எழுதியவர்கள் குழப்பிவிட்டார்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் லூக்கா ஒருவரே இரண்டையும் எழுதியிருக்கிறார். ஒன்று 9-ம் அதிகாரத்தில், மற்றது 11-ல். இரண்டே அதிகார இடைவெளியில் தான் எழுதியதை அவர் மறந்துவிட்டார் என்று நம்ப முடியவில்லை.

யாரிடம் சொன்னது என்று பார்த்தால் முடிச்சு தளர்கிறது. மாற்கில் நடப்பது கொஞ்சம் வேடிக்கை. ஒரு பையனைப் பிடித்திருந்த பேயை ஓட்ட சீடர்கள் முயன்று தோற்றுப் போகிறார்கள். அதே அதிகாரத்தில், குழுவில் சேராத யாரோ ஒருவர் இயேசுவின் பெயரைச் சொல்லிப் பேய் ஓட்டுகிறார். அவரைத் தடுத்தோம் என்று பெருமையாக வந்து சொல்கிறார் யோவான். நம்மால் முடியாததை வெளியாள் செய்துவிட்டான் என்ற ஆற்றாமை எந்த ஆபீசிலும் உண்டு. தடுக்காதே என்கிறார் குரு. மத்தேயுவிலோ எதிரே நிற்பவர்கள் பரிசேயர்கள். கண் தெரியாத, பேச்சு வராத ஒருவர் குணமானதைக் கண்ணால் பார்த்த பிறகும் அது பேயின் வேலை என்கிறார்கள். கடும் சொல் அவர்களுக்கு.

ஆக, ஒன்று அடுத்தவனை எடைபோட. மற்றது தன்னையே எடைபோட. தகராறு வருவது இடம் மாற்றிப் பயன்படுத்தும்போதுதான். தெருமுனைப் பிரசங்கிகளுக்கு மத்தேயு மட்டுமே நினைவிருக்கும். சர்வமத மேடைகளில் மாற்கு மட்டும். ரோமும் இதில் விலக்கல்ல. 1986-ல் அசிசி நகரில் எல்லா மதத்தவரையும் பிரார்த்தனைக்கு அழைத்ததும் இதே போப்தான். மீட்பு விஷயத்தில் பிற மதத்தினர் பெரும் குறைபாடுள்ள நிலையில் இருப்பதாகச் சொன்ன வாட்டிகன் அறிக்கைக்கு 2000-ல் ஒப்புதல் தந்ததும் அவரே.

முரண்களே வேண்டாம் என்று, இரண்டாம் நூற்றாண்டிலேயே தாஷியன் என்பவர் நான்கு சுவிசேஷங்களையும் ஒரே கதையாகத் தைத்துக் கொடுத்தார். சிரியா பக்கத்துச் சபைகள் அதை நெடுங்காலம் வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் தியோடரெட் என்ற பிஷப் இருநூறுக்கும் அதிகமான பிரதிகளைத் திரட்டி ஒதுக்கிவிட்டு, பழைய நான்கையே திரும்பக் கொடுத்தார். மாற்குவும் மத்தேயுவும் தனித்தனியாக நிற்கட்டும் என்பதே முடிவு.

மாற்கில் அடுத்த வசனத்தையும் படித்துவிடலாம். அது ஒரு குவளைத் தண்ணீரைப் பற்றியது. அதில் தண்ணீர் கொடுப்பவர் வெளியாள். தாகத்தோடு கை நீட்டுபவர்தான் சீடர்.