தேருக்கு முட்டுக்கட்டையும் வேண்டும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், ஓப்பன் சோர்ஸ் என்றால் காசு கொடுக்காமல் கிடைக்கும் மென்பொருள் என்று மட்டுமே நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். அந்த மென்பொருள் எப்படி எழுதப்பட்டது என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்பதுதான் அதன் தனிச்சிறப்பு. அப்படியானால் ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத பத்துப் பேர் ஒரே புரோகிராமைத் திருத்தினால் குழப்பம் வராதா?

நிச்சயம் வரும். நீங்கள் ஒரு கடிதத்தை டைப் செய்து, 'கடிதம்', 'கடிதம் புதியது', 'கடிதம் கடைசி' என்று மூன்று பெயர்களில் சேமித்துவிட்டு, எது சரியானது என்று தேடியிருப்பீர்கள். ஒருவருக்கே இந்தப் பாடு என்றால் பத்துப் பேருக்கு?

இதற்காக உருவானதுதான் வெர்ஷன் கண்ட்ரோல். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று இது கணக்கு வைத்துக்கொள்ளும். தேவைப்பட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதாவது ஒரு கட்டுரையைத் திறந்து அதன் வரலாற்றைப் பாருங்கள். முதல் நாளிலிருந்து நடந்த மாற்றங்கள் வரிசையாக இருக்கும். ஏறக்குறைய இதே வேலையைப் புரோகிராம்களுக்குச் செய்வதுதான் 'கிட்' என்ற மென்பொருள்.

ஆனால் கிட்டை நிறுவிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. இருவர் ஒரே வரியை இரு விதமாக மாற்றினால் அது மோதல் என்று எச்சரிக்கும், அவ்வளவுதான். எது சரி, யார் முடிவு செய்வது, எத்தனை நாளில் பதில் சொல்வது என்பதையெல்லாம் மனிதர்கள்தான் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

லினக்ஸின் கதையைப் பாருங்கள். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதைத் தொடங்கினார். பல ஆண்டுகள் மாற்றங்கள் மின்னஞ்சலில்தான் வந்தன. 2002-ல் பிட்கீப்பர் என்ற கருவிக்கு மாறினார்கள். அதை இலவசமாகப் பயன்படுத்தும் அனுமதி 2005-ல் விலக்கிக்கொள்ளப்பட்டதும், அந்த ஏப்ரலில் டோர்வால்ட்ஸே கிட்டை எழுதத் தொடங்கினார். ஜூன் மாதம் வெளிவந்த லினக்ஸ் 2.6.12 பதிப்பு கிட்டில் தயாரானது. இவ்வளவு வேகமாக எப்படி மாற முடிந்தது? ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர், அவர் பார்த்த பிறகே மேலே செல்லும் என்ற பழக்கம் அதற்கு முன்பே ஊறியிருந்தது. அனுப்புபவரும் வழியில் பார்த்து அனுப்புபவரும் தங்கள் பெயரைப் பதிய வேண்டும் என்ற விதியும் 2004-லேயே வந்துவிட்டது. கருவி மாறினாலும் உடன்பாடு மாறவில்லை.

நம் தமிழுக்கு வருவோம். 'ஓப்பன் தமிழ்' என்ற பைத்தான் தொகுப்பு கிட்ஹப்பில் இருக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் நாம் மூன்று என்போம். யூனிகோடில் அதுவே ஐந்து குறியீடுகள் என்பதால் சாதாரணப் புரோகிராம் ஐந்து என்று சொல்லும். அதைச் சரியாக மூன்று என்று பிரித்துத் தருவது இந்தத் தொகுப்பின் அடிப்படை வேலைகளில் ஒன்று. நல்லெண்ணத்தோடு யாரோ அந்த இடத்தில் ஒரு வரியைத் தவறாக மாற்றினால் என்ன ஆகும்? எழுத்து எண்ணுவதை நம்பி எழுதப்பட்ட மற்ற புரோகிராம்களும் தடுமாறும். எனவே மாற்றத்தைச் சோதித்து, இன்னொருவர் பார்த்த பிறகே சேர்க்க வேண்டியிருக்கிறது.

"நாலு பேர் சேவையாகச் செய்யும் வேலைக்கு விதிமுறை எதற்கு? அது முட்டுக்கட்டை அல்லவா?" என்று சிலர் கேட்கிறார்கள். மதுரையில் மாசி வீதிகளில் சித்திரைத் தேரைப் பார்த்தவர்களிடம் இதைக் கேட்கக் கூடாது! வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். ஆனால் சக்கரத்தடியில் கட்டை போடுபவர்கள் இல்லாவிட்டால் தேர் வேண்டிய இடத்தில் நிற்காது, முனையில் திரும்பாது.

விதி இல்லாததால் வரும் நஷ்டம் என்ன தெரியுமா? கோச்சடையில் எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு தமிழ் மென்பொருளில் பிழை கண்டுபிடித்து, திருத்தி அனுப்பினார். இரண்டு மாதம் பதில் இல்லை. அதற்குள் இன்னொருவர் அதே பிழையை நேரடியாகச் சரிசெய்துவிட, மாணவர் அனுப்பியது ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் மூடப்பட்டது. அவர் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. யார் பார்ப்பது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அதுதான் காரணம். பத்தாயிரம் பேர் இருக்கும் திட்டத்தில் ஒருவர் போனால் தெரியாது. ஐந்து பேர் இருக்கும் தமிழ்த் திட்டத்தில்?

அதற்காகப் பெரிய கம்பெனிகளின் விதிகளை அப்படியே காப்பியடிக்கவும் வேண்டாம். 2010-ல் வின்சென்ட் டிரீசன் எழுதிய 'கிட் ஃப்ளோ' முறையில் பல வகைக் கிளைகள் உண்டு. ஏராளமானோர் அதைப் பின்பற்றினார்கள். 2020-ல் அவரே, இது எல்லோருக்கும் பொருந்தாது, எளிமையான முறையையும் யோசியுங்கள் என்று குறிப்பு எழுதினார்.

என்னைக் கேட்டால், சிறிய தமிழ்த் திட்டங்களுக்கு நான்கு விதிகள் போதும்:

1. முதன்மைக் கிளை எப்போதும் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். திட்டத்தைத் தொடங்கியவர் உட்பட யாரும் அதில் நேரடியாக எழுதக் கூடாது. இதற்குப் பூட்டுப் போடும் வசதி கிட்ஹப்பிலேயே உண்டு.

2. ஒரு வேலைக்கு ஒரு தனிக் கிளை. தொடங்கும் முன் 'இதை நான் செய்கிறேன்' என்று அறிவிக்க வேண்டும்.

3. எழுதியவரைத் தவிர இன்னொருவர் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். 'இப்போது நேரமில்லை' என்பதும் பதில்தான்!

4. எதை மாற்றினோம் என்பதோடு, ஏன் மாற்றினோம் என்பதையும் எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.

இவற்றை 'கான்ட்ரிபியூட்டிங்' என்ற பெயரில் ஒரு ஃபைலாகத் திட்டத்துக்குள் வைத்துவிட்டால், மாற்றம் அனுப்ப வருபவருக்கு கிட்ஹப்பே அதைச் சுட்டிக்காட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள், நண்பர்களே! மெனுவில் உள்ள சொற்களைத் தமிழாக்கவோ, எழுத்துப்பிழை திருத்தவோ புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உதவப் போகும் திட்டத்தில் அந்த ஒரு பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், எப்படி அனுப்புவது, யார் பார்ப்பார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கிடைக்கும் பதிலை எழுதி ஃபைலாகச் சேருங்கள். அதுவே உங்கள் முதல் பங்களிப்பாக இருக்கட்டும்.