கெட்டிமேளம் எங்கே போனது?

செய்தித்தாளுக்குள் செருகி வந்த துண்டு விளம்பரம் ஒன்று இந்த வாரம் ஒரு நாள் காலையிலேயே எரிச்சலைக் கிளப்பிவிட்டது. ‘உங்கள் பழைய கல்யாண கேசட்டை 4கே தரத்தில் மாற்றித் தருகிறோம்!’ விஎச்எஸ் நாடாவில் படுக்கைவாட்டில் தேறும் நுணுக்கமே சுமார் 240 கோடுகள்தான். இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவார்களாம்? ஏஐ இட்டுக்கட்டி நிரப்பும். அப்படி ‘மெருகேற்றிய’ படம் ஒன்றைப் பார்த்தேன். பெண்ணின் அத்தைக்கு முகமெல்லாம் வழவழ, மூக்குத்தியைக் காணோம்.

படம் தேற வேண்டுமானால் வேலை கணினிக்கு வெளியேதான் ஆரம்பம். முதலில் கேசட்டை ஓட்ட நல்ல டெக். கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாயும் 2016இல் நிறுத்திவிட்டதால், பழையதைத் தேடிப் பிடித்து ஹெட்டைச் சுத்தம் செய்துதான் ஓட்ட வேண்டும். பூஞ்சை பிடித்த கேசட்டை அதில் போட்டுவிடாதீர்கள், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். டெக்கில் எஸ்-வீடியோ இருந்தால் மஞ்சள் ஒயரைத் தொடவே வேண்டாம். நாடாவில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாக இருக்கின்றன. மஞ்சள் ஒயர் இரண்டையும் கலந்து அனுப்பும், மறுமுனையில் சரியாகப் பிரியாமல் பட்டுக் கரையோரம் எறும்பு ஊர்ந்தாற்போல் புள்ளிகள் ஓடும். படத்தில் கோடுகள் நெளிந்தால் அவற்றை நேராக்கும் டிபிசி (டைம் பேஸ் கரெக்டர்) வேண்டும். தரம் இழக்காத முறையில் பதிந்தால் மணிக்கு சுமார் 30 ஜிபி தின்னும், தின்னட்டும். நாடாவிலிருந்து வரும் நொடிக்கு 50 அரைப்படங்களை 50 முழுப்படமாக்குங்கள். 25 ஆக்கினால் அசைவின் வழுவழுப்பு போய்விடும். 4:3 படத்தை டிவி அகலத்துக்கு இழுத்து மாப்பிள்ளையைப் பூசணிக்காயாக்குகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. இன்னும் திருந்தவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

எல்லாரும் படம், படம் என்கிறார்கள். சத்தத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

முகூர்த்தக் காட்சியைப் போட்டுப் பாருங்கள். ஐயர் விரலை ஆட்டி வாயைப் பிளக்கிறார். தவில்காரர் தோள் குலுங்கக் குலுங்க அடிக்கிறார். காதில் விழுவதோ சினிமா டூயட்! நாதஸ்வரம், கெட்டிமேளம், பெரியவர்களின் அதட்டல் எதுவும் இல்லை. ஸ்டுடியோவில் மிக்ஸிங் செய்தவர் அத்தனையும் எடுத்துவிட்டார்.

நாடாவில் படம் சாய்வாகப் பதிகிறது. சாதாரண ஒலியோ மேல் ஓரத்தில் நேர்க்கோடாகத் தனியே ஓடுகிறது. அதனால் ‘ஆடியோ டப்’ பொத்தான் உள்ள டெக்கில் படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் அழித்து எழுதலாம். அழித்தது அழித்ததுதான். ஹைஃபை டெக் என்றால் படத்துக்கு அடியிலேயே இன்னொரு ஒலி பதியும். அதை அப்படி அழிக்க முடியாது. கல்யாண கேமராக்களில் அந்த வசதியை யார் கண்டது? ஸ்டுடியோக்காரரையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. விஎச்எஸ் நாடா நொடிக்கு 2.34 செ.மீ.தான் நகரும், பாட்டு கேசட்டின் வேகத்தில் பாதி. அந்த ஓரக்கோட்டில் கேட்டது முக்கால்வாசி இரைச்சல். வீட்டுக்காரர்களே ‘பாட்டு போட்டுடுங்க தம்பி’ என்று சொல்லியிருப்பார்கள்.

ஆனாலும் சில கேசட்டுகளில் பாட்டு முந்தி முடிந்துவிடும், காட்சி பாக்கியிருக்கும். அந்த இடைவெளியில் திடீரென்று மண்டபம் கேட்கும். பாத்திரம் உருளும் சத்தம், குழந்தை அழுகை, “இந்த வரிசைக்கு அப்பளம் வரலப்பா!” கணினிக்கு மாற்றக் கொடுக்கும்போது அந்த இடத்தின் நேரத்தைக் குறித்துக் கொடுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று கடைக்காரர் அதில் கைவைக்க விடாதீர்கள்.