டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்போம்!

தாராவி காரக்கானாத் தோழர்களே! மாட்டுங்கா, செம்பூர் தமிழ்ச் சொந்தங்களே!

மழை வரப்போகிறது. ஜூன் பிறந்துவிட்டால் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிடுவோம், சன்னலுக்கு நீலத் தார்பாய் கட்டிவிடுவோம். தோல் நனையக் கூடாது, தைத்த பை நனையக் கூடாது. உள்ளே சின்ன அறையில் ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருப்போம். நடுவில் மூடி திறந்த சொல்யூஷன் பசை டப்பா. இந்த வருடம் ஷட்டர் இறங்குவதற்கு முன்பே ஒரு கேள்விக்குப் பதில் வாங்கியாக வேண்டும்: அந்த டப்பாவில் என்ன இருக்கிறது?

தோல் ஒட்டும் பசையைச் சீக்கிரம் காய வைக்கப் பெட்ரோலியக் கரைப்பான்களைச் சேர்ப்பார்கள். அவற்றில் ஒன்று என்-ஹெக்சேன். மலிவானது, நொடியில் ஆவியாகும், மணமும் பெரிதாக உறுத்தாது. உடம்புக்குள் போனதும் ஈரல் அதை வேறொரு பொருளாக மாற்றுகிறது. நரம்பைத் தாக்குவது அந்தப் பொருள்தான்.

எந்த நரம்பை? காலை அசைக்கும் மோட்டார் நியூரான் என்னும் நரம்பணுவின் உடல் முதுகுத்தண்டுக்குள் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஒற்றை இழை, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம் ஓடிப் பாதத்துத் தசையைத் தொடுகிறது. இழைக்கு வேண்டிய சரக்கெல்லாம் மேலே உள்ள அந்த உடலிலிருந்துதான் இறங்கிவர வேண்டும். ஹெக்சேன் விஷம் இழைக்குள் இருக்கும் நுண்ணிய நார்களைப் பிணைத்து, சரக்குப் போகும் பாதையை அடைத்துவிடுகிறது. தாதரில் தண்டவாளம் அடைத்துக்கொண்டால் கல்யாணுக்கு வண்டி போகாதே, அந்தக் கதைதான். கடைசி ஸ்டேஷன்தான் முதலில் பட்டினி கிடக்கும். தொடு உணர்வைக் கொண்டுவரும் நீண்ட இழைகளுக்கும் இதே கதி. அதனால்தான் பாதம் முதலில், அப்புறம் கை.

தோழர்களே, இந்த அடையாளங்களை மனதில் வையுங்கள். உள்ளங்கால் மரத்துப்போகும். நடக்கும்போது செருப்பு நழுவிப் போனதே தெரியாது. முன்பாதம் தொங்கி, சந்துச் சாக்கடை மூடியில் தட்டித் தடுமாறும். மேல் தளமான மாளாவுக்கு ஏறும் இரும்பு ஏணியில் கால் நிற்காது. பிறகு ஊசி பிடிக்கும் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. இதைத்தான் ‘வாதம்’, ‘சத்துக் குறைவு’ என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். குறை சொல்ல வரவில்லை. என்ன வேலை பார்க்கிறோம் என்று நாமும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை.

இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. வேலையை விட்ட பிறகும் இரண்டு மூன்று மாதம் வரை பலவீனம் கூடிக்கொண்டே போகலாம். அதற்குள் ஆள் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறித் திருநெல்வேலி போயிருப்பான். அங்கே பார்க்கும் டாக்டருக்குத் தாராவியும் தெரியாது, டப்பாவும் தெரியாது. ஊரில் மந்திரிப்பார்கள், எண்ணெய் தேய்ப்பார்கள். காரக்கானாவில் அவன் இடத்தில் வேறொரு பையன் உட்கார்ந்திருப்பான். சாட்சி ரயில் ஏறிப் போய்விட்டது. குற்றம் அதே இடத்தில் மூடி திறந்து கிடக்கிறது.

இது யூகம் இல்லை. 1960-களில் ஜப்பானில் செருப்பு ஒட்டும் தொழிலாளர்களுக்கு இதே நோய் வந்தது. அங்கேயும் வீட்டோடு சேர்ந்த சின்னப் பட்டறைகள்தான். 1,662 பேரைப் பரிசோதித்ததில் 93 பேருக்கு நரம்பு பாதித்திருந்தது. சீனாவில் சூஜோ நகரத் தொழிற்சாலையில், சீக்கிரம் காயும் என்பதற்காக ஆல்கஹாலுக்குப் பதில் ஹெக்சேனால் போன் திரைகளைத் துடைக்க வைத்தார்கள். 2010 ஜனவரியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 137 பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று 2011-ல் ஆப்பிள் கம்பெனியே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. டெல்லி ஸ்கிரீன் பிரிண்டிங் தொழிலாளர்களிடம் இதே நோயைக் கண்டு மருத்துவர்கள் 2007-ல் எழுதியிருக்கிறார்கள்.

காரணம் தெரியாத மோட்டார் நியூரான் நோய்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் நம் தென்னிந்தியாவில் காணப்படும் ஒன்றை 1970-ல் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி விவரித்தார்கள். இளம் வயதிலேயே கை கால் மெலியும், முகமும் நாக்கும் தளரும், காது கேட்காமல் போகும். மருத்துவ நூல்களில் அதற்கு ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’ என்றே பெயர். ஏன் வருகிறது என்று இன்றுவரை தெளிவாகவில்லை. அந்த நோயாளிக்கு நாம் துணை நிற்கலாம், அதற்கு மேல் கையில் ஒன்றும் இல்லை. நம் டப்பா விஷயம் அப்படியா? காரணம் தெரிந்து அறுபது வருடம் ஆகிறதே! தெரிந்த காரணத்துக்கு ஒருவன் காலை இழந்தால் அதை விதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போலியோவும் மோட்டார் நியூரானைக் கொல்லும் நோய்தான். செத்த நியூரானை யாரும் உயிர்ப்பிக்கவில்லை. சந்து சந்தாகச் சொட்டு மருந்து கொடுத்தோம். மும்பைச் சாக்கடை நீரையே எடுத்து வைரஸைத் தேடினார்கள். நாட்டில் இயற்கை வைரஸால் வந்த கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில், ஹௌராவில். முன்கூட்டியே தடுத்ததால் வந்த வெற்றி அது.

சட்டம் எங்கே என்று கேட்பீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, மின்சாரம் இருந்தால் 20 பேர், இல்லாவிட்டால் 40 பேர் வேலை செய்யும் இடத்தைத்தான் தொழிற்சாலை என்கிறது. ஏழெட்டுப் பேர் உட்காரும் நம் அறை அதன் கண்ணில் படாது. ஆனால் ஆபத்தான தொழில் என்று அரசு அறிவித்தால் ஒரே ஒரு தொழிலாளி இருக்கும் இடத்துக்கும் அதை நீட்டலாம் என்று அதிலேயே வழி இருக்கிறது. அந்த அறிவிப்பைக் கேட்டு வாங்குவோம்.

“இப்போது இதைக் கிளப்பினால், மறுசீரமைப்பு என்று தாராவியை இடிக்க நிற்பவர்களுக்கு நாமே கோடாலி எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகாதா?” என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான பயம். எனக்கும் உண்டு. ஆனால் நாளைக்கு எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் தொழில் நடந்தாலும் இதே டப்பாதான் கூட வரும். காற்றோட்டம் உள்ள பட்டறை எங்கள் உரிமை என்று இன்றைக்கே எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு வரைபடம் போடுகிறவர்களுக்கு அது ஞாபகம் வராது. சேட்டுகளையும் எதிரி ஆக்க வேண்டாம். பாதி சேட்டுகள் நம்மோடு அதே தரையில் உட்கார்ந்து அதே காற்றைத்தான் இழுக்கிறார்கள்.

மாட்டுங்காவில் 1933-ல் தொடங்கிய கெமிக்கல் டெக்னாலஜி கல்லூரி இருக்கிறது; பழைய ஆட்கள் யூ.டி.சி.டி. என்பார்கள். நமக்குப் பக்கம்தான். பசையில் என்னென்ன கரைப்பான் கலந்திருக்கிறது என்று பிரித்துச் சொல்வது அங்குள்ளவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. அந்தப் படி ஏறிக் கேட்க மாட்டுங்காத் தமிழர்கள் முன்னால் வரவேண்டும். செம்பூரில், மாகுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் எத்தனை பேர்! ஹெக்சேனை எப்படிக் கையாள வேண்டும் என்று உங்களுக்குக் கம்பெனி கற்றுக் கொடுத்தது. ஐயா, அந்தப் பாடத்தை இரண்டு மணி நேரம் எங்கள் சந்தில் வந்து நடத்துங்கள்.

ஆய்வு முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஹெக்சேன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. நாம் உட்காரும், படுக்கும் தரையில்தான் தேங்கும். சீலிங் ஃபேன் அதைக் கலக்கும், வெளியேற்றாது. எக்ஸாஸ்ட் ஃபேனைத் தரைக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒட்டாத நேரத்தில் டப்பாவை மூடுங்கள். பசையைக் கையால் தேய்க்காதீர்கள், கரைப்பானில் கை கழுவாதீர்கள். ஒட்டிய சரக்கு காயும் அறையில் யாரும் தூங்கக் கூடாது. இடம் இல்லை என்றால் நம் சங்கத்துக்குச் சொல்லுங்கள், தேடுவோம். நீர் கலந்த பசை கொஞ்சம் மெதுவாகக் காயும், விலையும் கூட; அந்த வித்தியாசத்தை ஆர்டர் கொடுக்கும் கம்பெனி ஏற்கட்டும்.

கால் மரத்தவர்கள் சயான் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். “தோல் ஒட்டுகிற வேலை, இத்தனை வருடம்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சுகர் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதுவும் நரம்பைக் கெடுக்கும். நரம்புக் கடத்தல் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். நேரத்தோடு வெளியே வந்தவர்களில் பெரும்பாலோர் தேறியிருக்கிறார்கள். ஆனால் நரம்பு வளர்வது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில். மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு 90 அடி சாலையில் கூடுகிறோம். ஒவ்வொரு காரக்கானாவிலிருந்தும் ஒரு காலி டப்பா கொண்டுவாருங்கள். அடியில் ஒட்டியிருப்பது போதும், மூடியை மட்டும் இறுக்கி மூடுங்கள். எந்தச் சந்து, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று மேலே எழுதி ஒட்டுங்கள். எளிதில் தீப்பிடிக்கும் பொருள், லோக்கல் ரயிலில் எடுத்து வராதீர்கள். பீடியையும் அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.