விளையாட்டு அறிவியலை விவாதிக்கும் முறை: ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

ஆய்வுக்கூடத்தில் கண்ட ஒரு முடிவு பள்ளி மைதானத்துக்கு வந்து சேர அதிக நாள் பிடிப்பதில்லை. வரும் வழியில் எத்தனை பேரைச் சோதித்தார்கள், அவர்கள் யார், எதை வைத்து அளந்தார்கள் என்பதெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. ‘இதைச் செய்தால் நல்லது’ என்ற ஒற்றை வரி மட்டும் மிஞ்சுகிறது. பயிற்சியாளர், உடற்கல்வி ஆசிரியர், ஆய்வாளர், வீரர் எல்லோரும் கலந்து பேசும்போது உதிர்ந்த விவரங்களைத் திரும்பச் சேர்ப்பதுதான் விவாதத்தின் முதல் வேலை என்பது இந்த அறிக்கையின் நிலைப்பாடு. ஒரு கூற்றை வைப்பவர் அதன் ஆதாரத்தையும் எல்லையையும் கூடவே வைக்க வேண்டும். மறுப்பவர் ஆளை விட்டுவிட்டு ஆதாரத்தைக் கேள்வி கேட்க வேண்டும்.

இதன் அவசியத்தைப் புரிந்துகொள்ள, நீண்டதூர ஓட்டக்காரர்கள் தண்ணீர் குடிக்கும் கதையைப் பார்த்தாலே போதும். ‘ஓடும்போது தண்ணி குடிக்காதே, வயிறு பிடிச்சுக்கும்’ என்று பிள்ளைகளை அதட்டிய காலம் ஒன்று இருந்தது. பிறகு காற்று எதிர்த்திசையில் வீசியது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற தொழில்முறை அமைப்பு 1996இல் ஒரு நிலைப்பாட்டு அறிக்கை வெளியிட்டது. வியர்வையில் போகும் நீர் முழுவதையும் ஈடுகட்டும் அளவுக்கு, அல்லது உடல் தாங்கும் உச்ச அளவுக்குக் குடிக்கும்படி அது சொன்னது. மைதானத்துக்கு வந்தபோது அது ‘முடிந்த மட்டும் குடி’ என்று சுருங்கியது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2005இல் வெளியானது. அவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியிருந்தவர்களிடமும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களிடமும் இது அதிகம் தென்பட்டது. மெதுவாக ஓடுகிறவருக்கு வியர்வை குறைவு, குடிக்கக் கிடைக்கும் நேரமோ அதிகம். சோடியம் மிகவும் நீர்த்துப்போனால் மூளை வீங்கும், உயிரே போகலாம். அதே கல்லூரி 2007இல் தன் அறிக்கையைத் திருத்தியது. உடல் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் நீர் இழக்காமல் பார்த்துக்கொள்வது, வியர்வையை மிஞ்சிக் குடிக்காமலிருப்பது என்று இரு பக்கமும் வேலி போட்டது.

பழைய அறிக்கையை எழுதியவர்களும் படித்தவர்கள்தான். வேகமாக ஓடுகிறவருக்கும் மெல்ல ஓடுகிறவருக்கும் ஒரே வாசகம் பொருந்தும் என்று எண்ணியதில்தான் ஓட்டை விழுந்தது. ஆகவே தண்ணீரைப் பற்றிப் பேசுகிறவர் ‘ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர்’ என்று சொல்வதைவிட அளக்கும் முறையைச் சொல்வதே மேல். மே மாதச் சென்னையில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் ஓடி, வியர்வையைத் துடைத்துவிட்டுத் தராசில் ஏறுகிறார், 59.2 காட்டுகிறது. இடையில் 400 மில்லி குடித்திருந்தால் அவருக்கு ஏறத்தாழ 1.2 லிட்டர் வியர்த்திருக்கிறது. 2 விழுக்காட்டு எல்லையான 1.2 கிலோவை அவருடைய எடைக்குறைவு எட்டவில்லை. அந்த வியர்வைக் கணக்கு அவருக்கு மட்டும் உரியது. அதுவும் சென்னையின் மே மாதத்துக்கு உரியது. ஊட்டியின் டிசம்பருக்கு ஆகாது.

அளவீட்டைச் சொல்லாத முன்னேற்றக் கணக்கு விவாதத்தில் செல்லாது. புதிய பயிற்சி முறையால் ஒரு மாணவரின் 100 மீட்டர் நேரம் 11.20 வினாடியிலிருந்து 10.9க்கு இறங்கியது என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நேரம் மின்னணுக் கருவியில் பதிவானது, இரண்டாவது ஸ்டாப்வாட்ச்சைக் கையால் அமுக்கி எடுத்தது. கையால் எடுக்கும்போது கருவியைவிடக் குறைவான நேரமே விழும் என்பதால், ஒப்பிடுவதற்கு 0.24 வினாடி கூட்டுவது வழக்கம். அப்போது 10.9 என்பது 11.14 ஆகிறது. பேசப்பட்ட முன்னேற்றத்தில் பெரும்பகுதி கட்டைவிரலின் வேலை.

சராசரியைத் தனி ஆளின் மேல் ஏற்றுவது இன்னொரு பழக்கம். உச்ச இதயத்துடிப்பைக் கண்டுபிடிக்க 220இலிருந்து வயதைக் கழிக்கும் வாய்ப்பாடு 1971 முதல் புழக்கத்தில் இருக்கிறது. வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கும் வாய்ப்பாடு 2001இல் வந்தது. இரண்டும் கூட்டத்துக்கான கணக்குகள். ஒரே வயதுள்ள இரண்டு பேருக்கு இடையே நிமிடத்துக்கு இருபது துடிப்பு வித்தியாசம் இருந்தாலும் வியப்பில்லை. ஆண்களை மட்டும் சோதித்துக் கண்டதைப் பெண்களுக்கும், இளைஞர்களிடம் கண்டதை அறுபது வயதுக்காரருக்கும் அப்படியே பொருத்துவதும் இந்த வகைப் பிழையே.

இதை வைத்துப் பயிற்சியாளரின் அனுபவத்தை ஒதுக்கிவிடக் கூடாது. இருபது ஆண்டுகளாக விசிலோடு நிற்கிறவர், ஓடுகிறவரின் தோள் எந்தச் சுற்றில் இறுகுகிறது என்பதைக் கருவிக்கு முன்பே கண்டுவிடுவார். ஆராய வேண்டிய கேள்விகள் பல அங்கிருந்துதான் பிறக்கின்றன. அனுபவத்தை அனுபவம் என்று சொல்லி வைத்தால் விவாதம் வளரும். ‘ஆராய்ச்சியே சொல்கிறது’ என்ற போர்வையில் வைத்தால் குழப்பமே மிஞ்சும். பட்டத்தையும் பதவியையும் ஆதாரமாகக் காட்டுவதற்கும் இதே பதில்தான்.

புகழ்பெற்றவர்களின் முடிவுகளுக்கும் விலக்கு இல்லை. தசை ஆய்வுக்காக ஏ. வி. ஹில்லும் ஓட்டோ மேயர்ஹோஃபும் 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர்கள். லாக்டிக் அமிலத்தைச் சோர்வுக்குக் காரணமாகக் கண்ட பார்வை அந்தக் கால ஆய்வுகளில் வேரூன்றியது. அந்த அமிலத்தின் உப்பு வடிவமான லாக்டேட், இதயமும் தசையும் எரித்துப் பயன்படுத்தும் எரிபொருள் என்று பின்னாளில் தெளிவானது. கடும் பயிற்சிக்கு மறுநாள் வரும் சதைவலிக்கும் அது காரணமில்லை. ஒரு மணி நேரத்துக்குள் அது பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. ஆனாலும் ‘லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு’ என்ற பேச்சு இன்னும் மைதானத்தை விட்டுப் போகவில்லை. சொன்னவரே திருத்திக்கொண்ட முன்மாதிரியும் உண்டு. சுளுக்குக்கு ஓய்வு, ஐஸ், அழுத்தக்கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரே ஆங்கிலச் சுருக்கத்தில் அடக்கி 1978இல் பரப்பியவர் மருத்துவர் கேப் மிர்கின். ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் எழுதியவரும் அவரே. விவாதத்தில் கருத்தை மாற்றிக்கொள்பவரைத் தோற்றவராக நடத்தக் கூடாது. திருத்தம், பிழை சொல்லப்பட்ட அதே இடத்தில் வர வேண்டும்.

புள்ளியியல் சச்சரவுகளிலும் இதே ஒழுங்குதான். சிறிய குழுக்களிலிருந்தும் ‘பெரும்பாலும் பயன் தரும்’ என்பது போன்ற முடிவு சொல்ல உதவும் ஒரு முறையை 2006இல் ஆலன் பேட்டர்ஹாமும் வில் ஹாப்கின்ஸும் முன்வைத்தார்கள். அது இல்லாத பலனை இருப்பதாகக் காட்டும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 2018இல் கிறிஸ்டின் சைனானி கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்குக்குக் கணக்கே பதில்.

விற்கும் பொருளோடு தொடர்புள்ளவர் அதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். விளையாட்டுப் பானம், புரதப் பொடி, காலணி, பயிற்சிச் செயலி எதுவானாலும் சரி. தொடர்பு இருப்பதால் மட்டும் ஒரு முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் அதை மறைத்தால், பின்னால் சொல்லும் உண்மையும் நம்பிக்கை இழக்கும்.

வீரர்களின் மருத்துவ விவரம் விவாதத்துக்குரிய சரக்கு அல்ல. 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனின் பாலினச் சோதனை முடிவு ஊடகங்களில் அலசப்பட்டது, பதக்கமும் பறிபோனது. உடலியல் கேள்வியை ஆளின் பெயர் இல்லாமலே கேட்க முடியும். பள்ளிப் பிள்ளைகளின் எடை, மாதவிடாய், காயம் பற்றிய தரவுகளைப் பெற்றோரின் ஒப்புதலோடு சேகரித்திருந்தாலும், ஊரும் பள்ளியும் அடையாளம் தெரியும்படி பொதுவில் வைக்கக் கூடாது.

தனி ஒருவரின் காயத்துக்குப் பொதுவில் மருந்து சொல்வதும் கூடாது. தலையில் அடிபட்டு மயங்கிய கபடி வீரரை அடுத்த ஆட்டத்துக்கு இறக்கலாமா என்று கேட்டால், ‘இறக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்’ என்பதோடு பேச்சு முடிய வேண்டும். துணை உணவுகளில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். உடலில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால், தெரியாமல் சாப்பிட்டிருந்தாலும் பொறுப்பு வீரருடையதே. டப்பாவின் மேல் அச்சிட்ட பட்டியலில் இல்லாத பொருள் உள்ளே கலந்திருப்பதும் உண்டு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று புதிதாக நடைமுறைக்கு வருகிறது. ஆகவே ‘இதைச் சாப்பிடலாமா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்பவர், எந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.