இடி விழுந்தால் விதியா? இடிதாங்கி கேட்போம்!

விவசாயப் பெருமக்களே!

மழை வந்தால் நமக்குச் சந்தோஷம். கூடவே வரும் இடியை நினைத்தால்தான் வயிற்றில் புளி கரைக்கிறது. 2022-ல் மட்டும் நாடு முழுக்க மின்னல் தாக்கி 2,887 பேர் செத்துப்போனார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே கணக்குச் சொல்கிறது.

‘எல்லாம் விதி’ என்கிறார்கள். செல்போன் டவருக்கு இடிதாங்கி உண்டு. நம்ம தொகுப்பு வீட்டுக்கு ஏன் இல்லை?

கூரைக்கு மேலே ஒரு கம்பி, அதிலிருந்து சுவரோரமாக இறங்கும் செம்புப் பட்டை, ஈரமண்ணில் எர்த் குழி. இவ்வளவுதான் இடிதாங்கி. விழுகிற மின்னலை வீட்டுக்குள் விடாமல் மண்ணுக்குள் இறக்கிவிடும். எர்த் சரியில்லையென்றால் அதனால் பயனில்லை. ஆகவே வேலை தெரிந்தவர்தான் போட வேண்டும்.

அரசு கட்டித்தரும் வீடுகளின் மதிப்பீட்டிலேயே இடிதாங்கியைச் சேர்க்க வேண்டும். குடிசையில் இருப்பவர்கள் ஓடி ஒதுங்க, ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் போட வேண்டும். கிராமசபையில் தீர்மானம் போடுவோம். ஜமாபந்தியில் மனு கொடுப்போம். அசையாவிட்டால் தாலுகா ஆபீஸ் முன்னால் உட்காருவோம்!

அதுவரை, இடிச்சத்தம் கேட்டதும் வயலைவிட்டுக் காங்கிரீட் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடியில் நிற்காதீர்கள், மாட்டையும் கட்டாதீர்கள். மோட்டார் சுவிட்சைத் தொடாதீர்கள். மழை விட்டபிறகு தண்ணீர் பாய்ச்சலாம். போன உயிர் வராது.